1982க்கு முன்னாடியும் பொண்ணுங்க ஆடிட்டுதான் சார் இருந்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க, பாஸ்கெட்பால் பக்கமே போகாத என் வீட்டுக்காரம்மா கூட முழுசா படிச்சாங்க. என் பிரச்சனை கட்டுரை இல்ல, பக்கத்துல போட்ட பெட்டிச் செய்தி. "அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து வரலாற்றில் அதிக புள்ளிகள்"னு தலைப்பு வெச்சு, கிளார்க் 3,951, அடுத்து கெல்சி ப்ளம் 3,527னு பட்டியல் போட்டிருந்தீங்க. அதுல லினெட் வுட்டர்ட் பேரே இல்ல. பேர்ல் மூர் பேரும் இல்ல.

வுட்டர்ட் 1977ல இருந்து 1981 வரைக்கும் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடினவங்க, மொத்தம் 3,649 புள்ளி. அப்போ பொண்ணுங்க ஆட்டத்துல, தூரத்துல இருந்து போட்டா மூணு புள்ளி குடுக்கற கோடே கிடையாது, பந்தும் ஆம்பளைங்க ஆடுற அதே பெரிய பந்து, சின்ன பந்து வந்ததே 1984-85 சீசன்லதான். பேர்ல் மூர் கணக்கு 4,061, அவங்க பெரும்பாலும் ஆடினது ஃப்ரான்சிஸ் மரியன்னு ஒரு சின்ன கல்லூரிக்கு. கிளார்க் கடைசியா முடிச்ச 3,951ஐ விட அது ஜாஸ்தி. அப்புறம் எப்படி சார் "வரலாற்றில்"னு தலைப்பு?

உங்க ஆளுங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி 15 அன்னிக்கு கிளார்க் ப்ளமை தாண்டினப்போ உலகம் பூரா அப்படித்தான் எழுதினாங்க, ஏன்னா எல்லாரும் பாக்கறது என்.சி.ஏ.ஏ.ன்னு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுங்கள நடத்துற அமைப்போட சாதனைப் புத்தகத்த. அந்த அமைப்பு 1906ல தொடங்கினது, ஆனா பொண்ணுங்களுக்கு பாஸ்கெட்பால் சாம்பியன்ஷிப் நடத்த ஆரம்பிச்சதே 1981-82 சீசன்லதான். அதுக்கு முன்னாடி பொண்ணுங்க ஆட்டத்த நடத்துனது ஏ.ஐ.ஏ.டபிள்யூ.ன்னு வேற ஒரு அமைப்பு, 1971ல தொடங்கி உச்சத்துல கிட்டத்தட்ட ஆயிரம் கல்லூரி உறுப்பினரா இருந்துச்சு, இம்மாக்குலேட்டான்னு ஒரு குட்டி கல்லூரி 1972, 73, 74னு வரிசையா மூணு தடவ கப் அடிச்சது அங்கதான். என்.சி.ஏ.ஏ. உள்ள வந்ததும் பணம், டிவி எல்லாம் அந்தப் பக்கம் போய் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மூடிருச்சு. 1982ல ஒரே வருஷத்துல ரெண்டு சாம்பியன், என்.சி.ஏ.ஏ. பக்கம் லூசியானா டெக், ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பக்கம் ரட்கர்ஸ். ரட்கர்ஸ் ஜெயிச்சது இன்னிக்கு யாருக்கு ஞாபகம் இருக்கு? கிளார்க்கோட அப்போதைய கோச் லிசா ப்ளூடரே 2024ல வுட்டர்ட் சாதனைதான் நிஜமான சாதனைன்னு வெளிப்படையா சொன்னாங்க, அதையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

இத இவ்வளவு நீளமா எழுத காரணம் இருக்கு. நான் இங்க அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழக நூலகத்துல ஆவணப் பிரிவுல வேலை பாக்குறேன், ஸ்போர்ட்ஸ் ஆவணப் பெட்டி எல்லாம் என் தலைலதான் விழும். ஆம்பளைங்க அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல) பெட்டிய திறந்தா டைப் அடிச்ச பிரஸ் ரிலீஸ், மீடியா கைடு, 16 எம்எம் ஃபிலிம், எதிர் டீம் பத்தி கோச் எழுதின குறிப்பு வரைக்கும் வருஷ வாரியா அடுக்கி இருக்கும், ஏன்னா அவங்களுக்குன்னு தனி ஆபீஸ், சம்பளம் வாங்கற ஆளு இருந்தாங்க, எழுதி வெக்கறதே அந்த ஆளோட வேலை. பொண்ணுங்க ஆட்டம் அதுல வராது, அது உடற்கல்வி துறைக்கு கீழ இருந்துச்சு. அந்த கோச் பகல்ல கிளாஸ் எடுப்பாங்க, சாயங்காலம் பயிற்சி குடுப்பாங்க, மேட்ச்னா வேன் ஓட்டறதும் அவங்கதான், ஸ்கோர்புக்க பத்திரமா வெச்சுக்கறதும் அவங்கதான். ரிட்டையர் ஆகும்போது அந்த ஸ்கோர்புக்கும் அவங்க கூடவே வீட்டுக்கு போயிரும். 1972ல, கல்வி நிறுவனங்கள்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டம் வந்த பிறகு பல இடத்துல ஆம்பளைங்க, பொண்ணுங்க ரெண்டு துறையையும் ஒண்ணா சேத்தாங்க, சேக்கும்போது ரூம காலி பண்ணாங்க, அதுல எவ்வளவு பெட்டி குப்பைக்கு போச்சுன்னு யார் கணக்கு வெச்சிருக்கா. ஒரு கல்லூரில (பேரு வேண்டாம்) இருபது வருஷ ஸ்கோர்புக்க பெயிண்ட் அடிக்கறதுக்காக வெராண்டால வெச்சு மழைல விட்டுட்டாங்க, எங்க கைக்கு வந்தப்போ பாதி பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருந்துச்சு.

ஸ்கோர்புக்குன்னா என்னன்னு பாக்காதவங்களுக்கு சொல்றேன். ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஒரு வரி, பென்சில்ல எழுதிருக்கும். கூடைல போட்டா 2ன்னு எழுதுவாங்க, எதிராளி தப்பாட்டத்துக்கு ஃப்ரீ த்ரோ (தடுக்க ஆள் இல்லாம கூடைல எறியற வாய்ப்பு) கிடைச்சா ஒரு வெறும் வட்டம், பந்து உள்ள போனா அந்த வட்டத்த உள்ள நிரப்பிருவாங்க. இவ்வளவுதான். இப்போ தண்ணி பட்டு பென்சில் மங்கிருச்சுன்னா அது வெறும் வட்டமா நிரப்பின வட்டமான்னு லென்ஸ் வெச்சுத்தான் பாக்கணும், அந்த ஒரு வட்டம் ஒரு புள்ளி, அந்த மாதிரி நாலு வருஷத்த கூட்டித்தான் ஒருத்தரோட மொத்தக் கணக்கே வரும். சில புக்குல வெறும் குடும்பப் பேர் மட்டும் இருக்கும், அதே பொண்ணு நடுவுல கல்யாணம் ஆகி அடுத்த சீசன்ல வேற பேர்ல வருவாங்க, ரெண்டும் ஒரே ஆளான்னு இயர்புக் போட்டோவ வெச்சு தேடணும். ஃபிலிம் கதை இன்னும் மோசம், அசிடேட்ங்கற பிளாஸ்டிக்ல செஞ்ச பழைய ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பிச்சா டப்பாவ திறந்ததுமே வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை வந்துருச்சுன்னா குளிர்ல வெச்சு கெடறத மெதுவாக்கலாம், ஸ்கேன் பண்ற வரைக்கும் பண்ணிக்கலாம், பழையபடி ஆக்க முடியாது. பட்ஜெட் வரும்போது முதல்ல ஸ்கேனுக்கு போறது எதுன்னு நான் சொல்லத் தேவையில்ல, ஃபுட்பால்தான், பழைய மாணவர்கள் நன்கொடை குடுக்கறது அதுக்குத்தானே.

பல சமயம் எங்கள காப்பாத்தறது உங்கள மாதிரி பேப்பர்காரங்கதான், அதனாலதான் உரிமையா கேக்கறேன். 1896 ஏப்ரல் 4ல ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சான் பிரான்சிஸ்கோல மோதுனாங்க, பொண்ணுங்க கல்லூரி அணிங்க ஆடுன முதல் பாஸ்கெட்பால் மேட்ச் அது, பக்கத்துக்கு ஒன்பது பேரு, ஆம்பளைங்கள உள்ளயே விடல, ஸ்டான்ஃபோர்டு 2-1னு ஜெயிச்சுது. இது இன்னிக்கு இவ்வளவு விவரமா தெரியுதுன்னா அன்னிக்கு பேப்பர்ல வந்ததாலதான். 1976 மார்ச்ல யேல் பல்கலைக்கழக படகுப் போட்டி டீம் பொண்ணுங்க, படகு கூடத்துல குளிக்க இடம் இல்லன்னு, உடம்புல டைட்டில் நைன்னு எழுதிட்டு அதிகாரியோட ஆபீஸ்லயே போய் சட்டைய கழட்டி நின்னாங்க. போகும்போதே ஒரு மாணவ நிருபரையும் போட்டோகிராஃபரையும் கூட்டிட்டு போனாங்க பாருங்க, அங்கதான் அவங்க மூளை. நிர்வாகத்து ஃபைல நம்பியிருந்தா இன்னிக்கு நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பதிவுங்க மேரிலாண்ட் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்க போய் பாக்கலாம். ஆனா அது அமைப்போட ஃபைல், ஒவ்வொரு கல்லூரியோட மேட்ச் கணக்கும் அந்தந்த கல்லூரியோட பெட்டிலதான் இருக்கணும், இருந்தா. (இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே, கவலை என்னன்னு கேப்பீங்க. கல்லூரி ஸ்போர்ட்ஸ் வெப்சைட்ட வேற கம்பெனிக்கு மாத்தும்போது பழைய பக்கம் காணாம போறத நான் வாரா வாரம் பாக்கறேன், அது தனிக் கதை.)

அதனால என் கோரிக்கை சின்னதுதான். அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்க: தலைப்புல "வரலாற்றில்"ங்கறத எடுத்துட்டு "என்.சி.ஏ.ஏ. கணக்குப்படி"ன்னு மாத்துங்க, கீழ வுட்டர்ட் 3,649, மூர் 4,061, ரெண்டும் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலம்னு ஒரு வரி சேருங்க. பேப்பர்ல இடம் இல்லன்னா இணையதளத்துல இருக்கற கட்டுரைலயாவது பண்ணிடுங்க, நாளைக்கு காலேஜ் பசங்க காப்பி அடிக்கப் போறது அதத்தான்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா உங்க பேப்பர் படிக்கிற ஒரு வாசகன்