“நாங்கள் என்ன செய்யவேண்டும்?”: எங்கள் சபைப் போதகருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடைசிக்கு முந்தின வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். பிரசங்கத்துக்குப் பிறகு சபையார் கேள்வி கேட்க அரைமணி நேரம் வேண்டும் என்று இரண்டு முறை நேரில் சொன்னேன், ஒரு முறை எழுதியும் கொடுத்தேன். “ஜெபத்தில் வைத்திருக்கிறோம்” என்றீர்கள். வைத்ததை எடுக்க மறந்துவிட்டீர்களோ என்ற சந்தேகத்தில்தான் இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன ஞாயிறு யாக்கோபு நிருபம் 5-ஆம் அதிகாரம் வாசித்தோம். வயலை அறுத்தவர்களின் கூலி பிடித்துவைக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று வருகிற 4-ஆம் வசனம். நல்ல குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தீர்கள். சபையே அமைதியானது. வாசித்து முடித்ததும் பிரசங்க மேடையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தீர்கள். அந்தத் தம்ளரைக் கழுவி, துடைத்து, தண்ணீர் நிரப்பி, மேலே மூடியும் வைத்துவிட்டுப் போனவர் ஆலயத்தைச் சுத்தம் செய்கிற அம்மா. அவருக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வவுச்சரில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் இருப்பதில்லை. அப்புறம் கமிட்டி கூடவில்லை. கூடினபோது ஒலிபெருக்கி விஷயமே நேரத்தை எடுத்துக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்தக் கூலியைப் பிடித்துவைக்கவில்லை என்பதை நானே சாட்சி சொல்வேன். ஆனால் கூலி வந்து சேராதவருக்கு அதனால் என்ன வித்தியாசம்?

அந்த வசனத்துக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தையும் கேட்டேன். பழைய காலத்து ஐசுவரியவான்களைப் பற்றிப் பத்து நிமிஷம். பிறகு, “நாமும் தேவனுக்குரிய பங்கைப் பிடித்துவைக்கிறோமே” என்று பேச்சு தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதற்குத் திரும்பியது. கூலிக்காரருக்காக எழுதின வசனம் காணிக்கைப் பைக்குள் போய் விழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது.

ஆராதனை முடிந்து எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பின்வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “ஐயா, இப்ப வாசிச்சது எந்த அதிகாரம்?” என்று கேட்டார். ஆராதனை முறை அச்சடித்த தாளின் பின்பக்கத்தில் ‘யாக்கோபு 5:4’ என்று எழுதிக் கொடுத்தேன். மடித்து வேதாகம உறைக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய் யாரிடமும் காட்டவில்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான், “கையெழுத்து ஆயிடுச்சான்னு கேட்டீங்களா ஐயா?” என்றார்.

கேட்கவில்லை. முந்தின ஞாயிறும் கேட்டிருந்தார். “ஜெபிக்கிறேன் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று அனுப்பிவிடுகிற ஆளை அதே யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் காட்டுகிறாரே, அது நான்தான். ஆகவே இந்த மடலை உங்கள்மேல் கல்லெறிய எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கேட்பது ஒன்றுதான். பிரசங்கம் முடிந்ததும் அரைமணி நேரம் கொடுங்கள். வாசித்த பகுதியை வைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலையில் இதை நாங்கள் எப்படிச் செய்வது?” என்று சபையார் கேட்கட்டும். பதில் தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாவிட்டால் சேர்ந்து யோசிப்போம்.

இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் பிரசங்கம் பண்ணுகிறார். கேட்டவர்கள் அத்தோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று முதலில் ஜனங்கள் கேட்கிறார்கள், பிறகு ஆயக்காரர் கேட்கிறார்கள், பிறகு போர்ச்சேவகரும் கேட்கிறார்கள். மூன்று முறை ஒரே கேள்வி. யோவான் மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்றார் ஜனங்களுக்கு. கட்டளையிட்டதற்கு மேல் வசூலிக்காதே என்றார் ஆயக்காரருக்கு. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றம் சாட்டாதே, உன் சம்பளம் போதுமென்று இரு என்றார் சேவகருக்கு. அவனவன் தொழிலில் எங்கே கை நீளும் என்று தெரிந்து, அந்த இடத்திலேயே பிடித்தார். ‘ஆழமான ஆவிக்குரிய அனுபவத்துக்குள் கடந்து வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருந்தால், ஆயக்காரன் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த நாள் வழக்கம்போல வசூலுக்குப் போயிருப்பான்.

யோவானைப் போல விரியன்பாம்புக் குட்டிகளே என்று எங்களை அழைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். பதில் சொல்லும் பாகம் போதும்.

அந்த அரைமணியில் என்னென்ன கேள்வி வரும் தெரியுமா? எங்கள் வரிசையில் ஒரு தம்பி இருக்கிறார், கணக்கு எழுதும் வேலை. இல்லாத செலவுக்கு பில் போடச் சொல்கிறார் முதலாளி. ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற வசனத்தை அவர் எப்படி வேலையை இழக்காமல் கடைப்பிடிப்பது, அல்லது இழந்தால் சபை அவருக்கு என்ன செய்யும்? இடப்பக்கத்தில் ஒரு அண்ணன், வலப்பக்கத்தில் அவருடைய சொந்தத் தம்பி. சொத்து பிரித்ததிலிருந்து பேச்சு இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. நம்மிடம் காணிக்கைப் பை நிற்காமல் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பதால், வைத்துவிட்டுப் போக யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறீர்கள். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்கிற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதின நிருபம். எழுபது வருஷம் ஆகும், அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அந்த வசனங்களை அட்டையில் போட இடம் இல்லையாம். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். பவுல் அதைக் கட்டுண்டிருந்தபோது எழுதினார், பட்டினியும் பரிபூரணமும் இரண்டும் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுதினார். காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் வசனங்களைப் பற்றி நான் பேசவே இல்லை. அவற்றை அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் இந்த மடலைப் பெறுகிறவர்கள்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். அந்த அரைமணிக்கு வருகிறேன்.

நேரில் கேட்டபோது நீங்கள் மூன்று காரணம் சொன்னீர்கள். நேரம் இல்லை என்றீர்கள். அறிவிப்புகளுக்கு ஆகும் நேரத்தை ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பாருங்கள், வேறு சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கவிட்டால் சண்டை வரும் என்றீர்கள். வரலாம். இப்போதும் இருக்கிறது, வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் நடக்கிறது. மூன்றாவதாகக் கமிட்டியில் ஒரு பெரியவர், “முறுமுறுக்காதீர்கள் தம்பி, வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்றார். மோசேயோடு போன இஸ்ரவேலர் முறுமுறுத்து வனாந்தரத்திலேயே மாண்டதைச் சொல்கிறார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஐயா, அப்போஸ்தலர் 6-இலும் முறுமுறுத்தார்கள். எதற்காக? தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்கரானவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் வனாந்தரத்தை ஞாபகப்படுத்தவில்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர் என்று போகும் அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கமிருந்தே ஆட்களை எடுத்து, பந்தி விசாரிப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ‘தேவவசனம் விருத்தியடைந்தது’ என்ற வரி அதற்குப் பிறகுதான் வருகிறது.

இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் முடிவில் வீடு கட்டின இரண்டு பேருமே வசனத்தைக் கேட்டவர்கள்தான். கேட்டபடி செய்தவன் கன்மலையில் கட்டினான், கேட்டும் செய்யாதவன் மணலில் கட்டினான். மணலில் கட்டினவன் ஆலயத்துக்கு வராதவன் இல்லை. ஒழுங்காக வந்து, கேட்டு, நல்ல செய்தி என்று சொல்லிவிட்டுப் போனவனாகவும் இருக்கலாம். எங்கள் வருகைப் பதிவேடு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்படும்போது எனக்கு அந்த மணல் ஞாபகம் வருகிறது.

ஆகவே தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு முதல் பிரசங்கத்துக்குப் பின் அரைமணி நேரம் கொடுங்கள். ஒலிவாங்கி கூட வேண்டாம், நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். மூன்று மாதம் நடத்திப் பார்த்து, பிரயோஜனம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நான் முறுமுறுக்க மாட்டேன்.

அந்த அம்மாவின் கூலிக்கு மட்டும் வரும் ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. அடுத்த கமிட்டிக் கூட்டம்மட்டும் என்று அதில் இல்லை. உபாகமம் 24:15 இன்னும் நெருங்கி வந்து, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. வவுச்சர் எழுதி அலமாரியில் தயாராக இருக்கிறது, பார்த்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று சொன்னால் நானே கொண்டுவந்து வாங்கிக்கொள்கிறேன். பேனாவும் என்னிடம் இருக்கிறது.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
தூணுக்குப் பக்கத்து இருக்கைக்காரன்