ஒன்பதாம் அத்தியாயம் பற்றி

பேராவூரணி

அன்புள்ள பாப்பா,

உன் நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். கஜா புயலில் ஆரம்பித்தது சரி. ஆனால் தென்னைகளைப் பட்டப்பகலில் விழவைத்திருக்கிறாய். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டித்தான் வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறியது. உன் கதைப் பையனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். விடிந்த பிறகே தோப்பைப் பார்ப்பான். மாற்றிவிடு.

பெரிய குறை ஒன்பதாம் அத்தியாயத்தில். புயல் முடிந்த நாலாம் நாள் மரமேறி வேலு அழுகிறார், பையன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான், "அன்று அவன் பெரியவனானான்" என்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. அழுகிறவரைப் பார்த்து அழ வயது வேண்டாம், கைக்குழந்தையும் அழும். அதே மரம் விழுந்ததில் தன் வீட்டு நஷ்டம் ஒரு கணக்கு, வேலு வீட்டு நஷ்டம் இன்னொரு கணக்கு என்று பிடிபடும்போதுதான் அவன் வளர்கிறான். நிவாரணம் மரத்துக்கு இவ்வளவு என்று தோப்புக்காரருக்கு வரும். வேலுவுக்குச் சொந்தமாக மரம் ஏது?

முதல் தடவை அவன் தப்பாகவே புரிந்துகொள்ளட்டும். தனக்கு மரம் போன துக்கம், ஆகவே அவருக்கும் அதுதான் என்று நினைப்பான். அவருக்கோ வியாபாரியிடம் வாங்கித் தின்ற முன்பணம்தான் கவலை. இதை வேலுவையே பேசவைத்தால் கெட்டது, பிரசங்கமாகிவிடும். திண்ணைப் பேச்சில் அரைகுறையாக அவன் காதில் விழட்டும்.

மார்க் ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் 15ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பார். கூடவே தப்பி வரும் அடிமை ஜிம்மை ஏமாற்றிய சிறுவன் ஹக், மன்னிப்புக் கேட்க எழுந்து போவதற்கே கால் மணி நேரம் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தை ட்வெய்ன் ஒளிக்கவில்லை. உன் பையன் தயங்குவதே இல்லை. அதனால்தான் நம்பமுடியவில்லை.

அவசரமும் வேண்டாம். புயலுக்குப் பிறகு நட்ட நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பன்னிரண்டு வயதுப் பையன் அதற்குள் பதினெட்டைத் தாண்டிவிடுவான். முன்பெல்லாம் காய் விழும் இடத்தைத்தான் பார்ப்பான். இப்போது வேலுவின் நெஞ்சில் மரம் உரசிய காய்ப்பும், காலில் தளைக்கயிறு மாட்டும்போது ஒரு முட்டி மடங்காததும் கண்ணில் படட்டும். "நான் ஏறுறேன்" என்று அவன் சொல்ல, வேலு எரிச்சலோடு "போ தம்பி" என்று தட்டிவிடட்டும். நன்றி சொல்லவைத்துவிடாதே. அப்புறம் பையன் நாயகனாகிவிடுவான், வேலு காணாமல் போய்விடுவார்.

திருத்தியதை அச்செடுத்தே அனுப்பு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், போனில் படிக்கக் கண் வலிக்கிறது.

அப்பா