முகவரியை மறைத்தால் மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதிய வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். எனக்கும் ஒருவழியாக இரவுப் பணி முடிந்தது. இப்போது என் வேலையே, வெளியே கொடுக்கப்போகும் டேட்டாவைப் பார்த்து அனுப்புவதுதான். அதனால், யாருடைய அந்தரங்கமும் வெளிப்படாமல் நெட்வொர்க் டேட்டாவைப் பகிர்வது எப்படி என்று நீ கேட்டதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாக்குதல்களைக் கண்டுபிடிக்க நீங்கள் சில நிறுவனங்கள் சேர்ந்து நெட்வொர்க் டிராஃபிக்கைப் பகிர்ந்துகொள்ளப் போவது நல்ல முடிவு. ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் நாலைந்து தோல்வியடைந்த லாகின் முயற்சிகள்தான் தெரியும். அதே ஆள் எல்லோர் கதவையும் தட்டிப் பார்த்திருக்கிறான் என்பது சேர்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

ஆனால் 'ஐ.பி. முகவரிகளை ஹாஷ் செய்துவிட்டோம், இனி பயமில்லை' என்று உங்கள் குழுவில் சொல்கிறார்களாமே, அதை ஏற்றுக்கொள்ளாதே. ஐ.பி. முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்; ஹாஷ் என்பது அதை நேராகத் திருப்ப முடியாதபடி வேறொரு குறியீடாக மாற்றும் கணக்கு. ஐ.பி.வி.4 என்ற பரவலான வகையில் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒரு பட்டியல் போட்டுவிட்டால், எந்த ஹாஷ் எந்த முகவரி என்று திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைய சாதாரணக் கணினிக்கே அது பெரிய வேலையில்லை. ரகசியச் சாவி சேராத ஹாஷை மறைப்பு என்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

சாவி வைத்துச் செய்யும் முறைகளில் 2002-இல் வந்த, ஐ.பி. முகவரிகளை மாற்றிக் கொடுக்கும் கிரிப்டோ-பான் நல்லது. முன்பகுதி ஒத்த இரண்டு முகவரிகள் மாற்றிய பிறகும் அதே அளவுக்கு ஒத்திருக்கும். ஒரு சப்நெட் (ஒரே முன்பகுதி கொண்ட முகவரிகளின் கூட்டம்) முழுவதையும் ஒருவன் ஸ்கேன் செய்திருந்தால் அது அப்படியே தெரியும். ஆனால் ஆய்வுக்கு உதவும் அதே ஒழுங்குதான் காட்டியும் கொடுக்கும். ஒரு முகவரி யாருடையது என்று வெளிப்பட்டுவிட்டால், அதன் அக்கம்பக்கத்து முகவரிகளின் முன்பகுதியும் கூடவே வெளிப்படும்.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொன்று. நீங்கள் டேட்டா பகிரப்போவது தெரிந்த ஒருவன், விசித்திரமான அளவும் இடைவெளியும் கொண்ட சில பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போகும் டேட்டாத் துண்டுகளை) முன்கூட்டியே உங்கள் நெட்வொர்க்குக்குள் அனுப்பிவைக்கலாம். பிறகு அந்தக் கோப்பு அவன் கைக்குக் கிடைத்தால் அதே வடிவத்தைத் தேடுவான். எந்த மாற்று முகவரிக்குப் பின்னால் எந்த உண்மை முகவரி இருக்கிறது என்பது தெரிந்துபோகும். எவ்வளவு பலமான சாவியானாலும் இதைத் தடுக்காது. கோப்பு யார் யாரிடம் போகிறது என்பதில் கறாராக இருக்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், எதைப் பிடிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போர்ட் ஸ்கேனுக்கும் (கணினியின் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது) டிடாஸுக்கும் (பல கணினிகளிலிருந்து டிராஃபிக்கைக் கொட்டி முடக்குவது) ஃப்ளோ ரெக்கார்டே, அதாவது ஒவ்வொரு தொடர்பின் சுருக்கக் குறிப்பே போதும்: யார் யாரோடு, எந்தப் போர்ட்டில், எத்தனை பைட், எவ்வளவு நேரம். பாக்கெட்டின் உள்ளடக்கத்தை எடுத்தே விடுங்கள். சீரான இடைவெளியில் தன்னை ஏவியவனின் சர்வரோடு பேசும் மால்வேரை (தீங்கு செய்யும் நிரலை) பிடிக்க நேரம் துல்லியமாக வேண்டும்தான். அதற்கு உண்மையான கடிகார நேரம் தேவையில்லை. எல்லா நேரங்களையும் ஒரே அளவு நகர்த்திவிட்டால் இடைவெளிகள் கெடாது.

வெளியிலிருந்து தாக்கிய முகவரியை மறைத்தால் பகிர்ந்தும் பயனில்லை. அதை அப்படியே கொடுக்கலாம், ஆனால் குழுவுக்குள் மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். ஏனென்றால் அந்த முகவரியும் யாரோ ஒருவருடைய ஹேக் செய்யப்பட்ட வீட்டுக் கணினியுடையதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பயனாளர்களின் முகவரிகளும் டி.என்.எஸ். கேள்விகளும் (தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்பவை) வேறு விஷயம். ஒருவர் எந்த நோயைப் பற்றித் தேடுகிறார், எங்கே வேலை தேடுகிறார் என்பதெல்லாம் அவர் திறந்த தளங்களின் பெயரிலேயே தெரிந்துவிடும். அவர்கள் யாரும் நம்மிடம் சம்மதம் சொன்னவர்கள் அல்ல.

டிஃபரென்ஷியல் பிரைவசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். டேட்டாவைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் வாங்கி, விடையில் கொஞ்சம் தற்செயலான பிழை சேர்த்துக் கொடுக்கும் முறை. எந்தப் போர்ட்டுக்கு எவ்வளவு டிராஃபிக் என்பது போன்ற மொத்தக் கணக்குகளுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பாதிக்கப்பட்ட ஒரே ஒரு கணினியைத் தேடும்போது, அந்த ஒன்றைத்தான் அது மறைக்கும். அந்த மாதிரித் தேடலுக்கு, ஆய்வு நிரலை டேட்டா இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் ஓட்டி, முடிவை மட்டும் வெளியே எடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒப்பந்த வரைவு தயாரானால் எனக்கும் அனுப்பு. சாவி யார் கையில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்ற பகுதியை முதலில் படிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்