லொறி வாங்க முன் பேப்பர்

பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

கந்தப்பளை, ராகலை மரக்கறியும் தோட்டத் தொழிற்சாலைகளுக்கான விறகும் லொறி இல்லாமல் நகராது. ஆள் கூலிக்கு ஓடிய சாரதிகள் பலர் இப்போது லீசிங் போட்டுச் சொந்த லொறியில் இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் 'முதலில் லொறி, பிறகு பேப்பர்' என்று போவதால் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

"லொறி சேர்விஸ் பர்மிட்" எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கும் தரகரை நம்ப வேண்டாம். பயணிகள் பஸ்ஸுக்கு உள்ளதுபோல் பாதை அனுமதிப்பத்திரம் பொருள் ஏற்றும் லொறிக்குக் கிடையாது. வேண்டியவை தொழிற்பதிவு, வாகனத்தை வீதியில் ஓட்ட எடுக்கும் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், சரியான காப்புறுதி, உரிய வகுப்பு அனுமதிப்பத்திரம் உள்ள சாரதி. மணல், கல், மண் ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் சரக்கோடு இருக்க வேண்டும். மரத்துக்கும் கால்நடைக்கும் தனித்தனி அனுமதி உண்டு.

ஒரு லொறி, இரண்டு லொறி என்றால் வியாபாரப் பெயர்ப் பதிவே போதும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுக்க வேண்டும். தொழில் தொடங்கி 14 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இது பெயருக்கான பதிவு மட்டும். கடன், விபத்து, வழக்கு எல்லாம் உரிமையாளரின் தலையிலேயே விழும். அதைத் தவிர்க்க நினைப்பவர், அல்லது பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தை எதிர்பார்ப்பவர், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதியலாம். பெயருக்கு இணையவழி அங்கீகாரம் பெற்றபின் பதிவு விண்ணப்பத்துக்குப் படிவம் 1, பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19, கூடவே கம்பனியின் அமைப்பு விதிகள். பங்குதாரர் ஒருவரே போதும், ஆனால் கம்பனிச் செயலாளர் இல்லாமல் முடியாது.

கம்பனியா, தனிப்பெயரா என்பதை லொறி வாங்க முன்பே முடிவுசெய்ய வேண்டும். லீசிங்கில் எடுத்த லொறியின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனமே முழு உரிமையாளர், நீங்கள் பதிவு உரிமையாளர் மட்டும். பிறகு கம்பனி பெயருக்கு மாற்ற அவர்களின் சம்மதம், மாற்றுக் கட்டணம், புதிய காப்புறுதி என்று எல்லாம் திரும்பவும் தொடங்கும். பழைய லொறியை 'ஓப்பன் பேப்பரில்', அதாவது பெயர் மாற்றாமல், வாங்குவது இதைவிட மோசம். விற்றவரின் எம்.டி.ஏ. 8 படிவமும் வாங்குபவரின் எம்.டி.ஏ. 6 படிவமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகும்வரை லொறி பழையவரின் பெயரிலேயே கிடக்கும். அவர் இறந்துபோனாலோ வெளிநாடு போனாலோ கையெழுத்துக்கு அலைய வேண்டியதுதான்.

காப்புறுதிப் படிவத்தில் 'சொந்தப் பொருள்' என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓடுபவர்கள் ஏராளம். கட்டணம் குறைவு என்பதுதான் காரணம். விபத்து நடந்தால் முதலில் கேட்பது யாருடைய பொருள் ஏற்றினாய் என்பதைத்தான், நட்டஈடும் அங்கேயே நின்றுவிடும். வாடகைக்கு என்றே எழுதுங்கள். ஏற்றிய பொருளுக்கு லொறிக் காப்புறுதி பொறுப்பில்லை, அதற்குத் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதிச் சான்று, புகைப் பரிசோதனைச் சான்று, தகுதிச் சான்று மூன்றும் வேண்டும். தகுதிச் சான்றைத் திணைக்களம் அங்கீகரித்த கராஜில் எடுக்கிறோம். அங்கே சமதரையில் பிடிக்கும் பிரேக் கினிகத்தேனை இறக்கத்தில் சூடேறி விட்டுவிடலாம். எக்ஸோஸ்ட் பிரேக் (எஞ்சின் புகைவழியை அடைத்து வேகம் குறைப்பது) வேலை செய்கிறதா, பிரேக்கின் எயார் டாங்கியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று சான்று கேட்காவிட்டாலும் பார்த்துக்கொள்ளுங்கள். நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கனரக வாகனம் இறக்கக் கூடாது என்பதைப் புதுச் சாரதிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

லொறியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டி 17,000 கிலோ வரை என்றால் சாரதியிடம் சீ1 வகுப்பு இருக்க வேண்டும், அதற்கு மேல் சீ வகுப்பு. கனரக அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். பாரக் கணக்கு எளிது. மொத்த எடை 7,500, வெறும் எடை 3,400 என்றால் மிச்சம் 4,100 கிலோ. அதில் சாரதி, கிளீனர், படங்கு, கயிறு எல்லாம் அடங்கும். பாடிக்கு மேல் இரும்புச் சட்டம் ஏற்றினால் அதுவும் இதில்தான் கழியும். கழுவிய கரட் மூட்டை தண்ணீரோடு ஏறுகிறது என்பதை மூட்டையை எண்ணிப் பாரம் கணக்கிடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆளை வைத்து வேலை வாங்கினால் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். தோட்டத்தில் இதை அறியாதவர் இல்லை, ஆனால் தாமே முதலாளியானதும் மறதி வந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தடை முகவரி. தொழில் நடக்கும் இடத்துக்குக் காணி உறுதி, குத்தகை ஒப்பந்தம் அல்லது இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். தோட்டத்துக்குச் சொந்தமான லயன் அறைக்கு உறுதி எங்கே இருக்கிறது? தோட்ட முகாமையாளரின் கடிதம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் டவுனில் யாரோ ஒருவரின் கடை முகவரியை வாடகைக்கு எடுத்துப் பதிகிறார்கள். பிறகு அந்தக் கடைக்காரர் மாறினால் பதிவும் சிக்கலில். நோர்வூட், தலவாக்கலை செயலகப் பிரிவுகள் புதிதாகப் பிரிந்ததால், எந்தச் செயலகத்துக்குப் போவது என்ற குழப்பமும் சிலருக்கு இருக்கிறது. அதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டே கிளம்புவது நல்லது.

லயனில் குடியிருப்பவர் அங்கே அலுவலக வேலை மட்டும் செய்வார், லொறியை வேறிடத்தில் நிறுத்துவார் என்று குறிப்பிடும் ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தை எல்லாத் தோட்டங்களும் ஒரே மாதிரியில் தரவேண்டும். பிரதேச செயலகங்கள் அதை ஏற்க வேண்டும். தேவையான ஆவணங்களின் பட்டியலைத் தமிழில் வாசலிலேயே ஒட்டினால் தரகரிடம் போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர்கள் சிலர்,
ஹட்டன்