3,000 ரூபாய்க்குக் குறையாமல்: சமூக நீதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்கு,

வணக்கம்.

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இருபது வருடங்களாகத் தெருக் கூட்டுகிறார், சாக்கடை அள்ளுகிறார். 2021 கடைசியில் எங்கள் பகுதிக்கு ஒரு பயிற்சி வந்தது. தையல் வகுப்பு, தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கு மட்டும், கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 44 வயது. பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் ஒரு மேசை, அதன்மேல் கைரேகை எந்திரம். அம்மா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை, எல்லாம் பார்த்தாயிற்று. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எந்திரத்துக்கு அருகே உட்கார்ந்திருந்த பையன் பொறுமையானவன். ஈரத் துணியைக் கொடுத்து விரலை ஒற்றி எடுக்கச் சொன்னான். அதற்கும் பச்சை வரவில்லை. “பச்சை வந்தாத்தாம்மா வருகை ஏறும், என் கையில ஒண்ணும் இல்ல” என்றான். அம்மா தன் விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “ரேகையெல்லாம் வேலையிலயே போயிருச்சு தம்பி.”

பிளீச்சிங் பவுடரிலும் சாக்கடைத் தண்ணீரிலும் கையுறையில்லாமல் ஊறிய விரல்கள் அவை. பாதி நாள் பச்சை வந்தது, பாதி நாள் வரவில்லை. அம்மா ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை. ஆனால் கணக்கில் வருகை 80 விழுக்காட்டைத் தொடவில்லை என்று உதவித்தொகை வரவே இல்லை.

2020-21இல் நீங்கள் தொடங்கிய பி.எம். தக்‌ஷ் என்ற தொழிற்பயிற்சித் திட்டத்தின் விதி அது. தூய்மைப் பணியாளருக்கு மாதம் 1,500 ரூபாய், 80 விழுக்காடு வருகை இருந்தால். கிடைத்திருந்தாலும் ஒரு நாளைக்கு 50 ரூபாய். வேலைக்குப் போகாத நாளுக்கு ஒப்பந்தக்காரர் கூலி தரமாட்டார். எங்கள் வார்டில் காலை 6 மணிக்கு வேலை தொடங்கும், வகுப்போ 10 மணிக்கு. இரண்டையும் ஒரே ஆள் எப்படிப் பார்ப்பது? அம்மாவோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது வாரமே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாரோ எழுதி மேலே அனுப்பியிருப்பார்கள். ஆர்வம் இருந்தது. அடுப்பெரிய வழி இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்து, அதில் இருப்பவர்களுக்கு மறுவாழ்வு தரும் சட்டம் 2013இல் நிறைவேறி, அந்த வருடம் டிசம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கரின் நினைவு நாள் அது. அதன் 13ஆவது பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். அடையாளம் காணப்பட்டவருக்கு உடனடிப் பண உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீட்டுமனை, மாற்றுத் தொழிலுக்கு மானியமும் கடனும் என்று போகிற அந்தப் பிரிவில், குடும்பத்தில் ஒருவருக்காவது வாழ்வாதாரப் பயிற்சி தர வேண்டும் என்றும், பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை தர வேண்டும் என்றும் இருக்கிறது.

குறையாத என்ற அந்தச் சொல்லைத்தான் உங்களுக்கு நினைவூட்ட வந்தேன். அதற்குக் கீழே போகக் கூடாது என்றுதான் சட்டம் சொன்னது, அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அந்தச் சட்டத்துக்கான மறுவாழ்வுத் திட்டத்தை எழுதும்போது ‘குறையாத’ உதிர்ந்துபோய் 3,000 மட்டும் மிஞ்சியது. அம்மா போன பி.எம். தக்‌ஷிலோ அதிலும் பாதிதான். 3,000 என்றாலும் ஒரு நாளைக்கு 100 ரூபாய். இதை உயர்த்த நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியதில்லை. சட்டம் ஏற்கெனவே கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. நீங்கள் ஓர் ஆணை போட்டால் போதும்.

2013, 2018 ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுபவர்கள் என்று நாடு முழுவதும் 58,098 பேரை அடையாளம் கண்டீர்கள். அத்தனை பேருக்கும் 40,000 ரூபாய் ஒருமுறை உதவி போய்ச் சேர்ந்ததாக நாடாளுமன்றத்தில் சொன்னீர்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை என்பதும், மூலதன மானியம் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்பதும் அதே பதில்களில்தான் இருக்கின்றன. 40,000 ரூபாயை வாங்கக் கையெழுத்து போதும். பயிற்சிக்கு மாதக் கணக்கில் கூலியை இழக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஆய்வுக் குழு எதுவும் வேண்டாம், எங்கள் தெருவில் கேட்டாலே சொல்வார்கள்.

அதே பிரிவில் இன்னொரு சொல்லும் உண்டு: விருப்பம். தகுதிக்கும் விருப்பத்துக்கும் ஏற்றபடிதான் பயிற்சி தர வேண்டுமாம். என் அம்மாவிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தையல் அல்லது அழகுக்கலை, இரண்டில் ஒன்று என்றார்கள். அம்மா தையலை நன்றாகவே கற்றார். பின்னர் வீட்டில் ஒரு பழைய எந்திரம் வாங்கிப் போட்டார். எங்கள் குடியிருப்புக்கு வெளியே இருந்து ஒரே ஒரு ரவிக்கைத் துணிகூட வரவில்லை. காலையில் எங்கள் வாசல் குப்பையை அள்ளுகிற கை மாலையில் தைத்துத் தருவதை உடுத்திக்கொள்ள முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சாதி இப்படித்தான் சந்தைக்குள் வருகிறது. சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு ‘இனி உன் பாடு’ என்று அனுப்பிவிடும் எந்தப் பயிற்சியும் இந்தச் சுவரில்தான் போய் முட்டும்.

உருப்படியாக நடந்ததும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டெல்லியில் 2019இல் 200 கழிவுநீர் அகற்றும் எந்திரங்களைக் கொண்டுவந்தபோது, இந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களை அவற்றின் உரிமையாளர்கள் ஆக்கினார்கள். சென்னைக் குடிநீர் வாரியமும் பின்னால் அதே வழியில் தூய்மைப் பணியாளர்களிடம் வாகனங்களை ஒப்படைத்தது. வண்டியோடு வேலைக்கான ஒப்பந்தமும் கைக்கு வந்ததுதான் இதில் முக்கியம். வாடிக்கையாளர் முகம் பார்த்து ஒதுக்க முடியாது, ஏனென்றால் வாடிக்கையாளரே அரசு. எந்தக் குழிக்குள் எந்த வாயு நிற்கும், எந்த அடைப்பு எங்கே இருக்கும் என்று இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது. அந்த அறிவுக்கு மேல் ஓட்டுநர் உரிமமும் எந்திரப் பராமரிப்பும் மட்டும் சேர்ந்தால் போதும். துப்புரவை எந்திரமயமாக்கும் உங்கள் நமஸ்தே திட்டத்தின் நோக்கமும் இதுதானே. அப்படியானால் பயிற்சிப் பணத்தின் பெரும்பகுதி ஏன் அங்கே போகக் கூடாது?

நமஸ்தே பற்றிப் பேசும்போது இன்னொன்று. கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மலக்குழிக்குள்ளும் இறங்குபவர்கள் அந்த 58,098 பேரில் பெரும்பாலும் இல்லை. அது ‘ஆபத்தான துப்புரவு’, கையால் மலம் அள்ளுவது வேறு என்று ஒரு கோடு கிழித்திருக்கிறீர்கள். உள்ளே இறங்குகிறவருக்கு அந்தக் கோடு தெரியாது. அவர் இறந்த பிறகு குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2023 அக்டோபர் 20இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடு இருக்கும்போது அவர் அந்தக் குழியை விட்டு வெளியேறுவதற்கு, கூலிக்கு ஈடான உதவித்தொகையோடு ஆறு மாதம் பயிற்சி தந்தால் அதில் சிறு பங்குகூட ஆகாது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிக் கல்வி உதவித்தொகை 1977-78 முதல் இருக்கிறது. வீட்டிலிருந்து போய்ப் படிக்கும் பிள்ளைக்கு இப்போது வருடம் 3,500 ரூபாய். நானும் வாங்கிப் படித்தவள்தான், அந்த நன்றி இருக்கிறது. அந்தத் தொகையை வாங்குவதற்காக, என் பெற்றோர் செய்வது இந்தத் தொழில் என்ற சான்றிதழை ஏழாம் வகுப்பில் மொத்த வகுப்பின் முன்னால் எழுந்துபோய் நீட்டியதும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இடம் மாறிக்கொண்டாள். அந்தத் தாள் பிள்ளையின் கைக்கே வராமல் அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போக முடியாதா? பெரியவர்களுக்கான பயிற்சியிலும், தொழிலைத் தொடங்கும் முன் இரண்டு மாதம் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுங்கள். அளவு நாடாவில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியாமல் நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுத்த பெண்கள் அம்மாவின் வகுப்பில் இருந்தார்கள்.

உதவித்தொகையை அந்தந்த மாநிலக் குறைந்தபட்சக் கூலிக்கு உயர்த்துங்கள், வருடத்துக்கு ஒருமுறை விலைவாசியோடு சேர்த்து ஏற்றுங்கள். ரேகை விழாதவருக்கு பதிவேட்டில் கையெழுத்தோ முகப் பதிவோ போதும் என்று எழுதிக்கொடுங்கள். வேலை ஒப்பந்தத்தோடு வரும் பயிற்சிகளுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.

இந்த மடலை எழுதுவதற்கு முன் அம்மாவிடம் கேட்டேன், மறுபடியும் பயிற்சி என்று யாராவது வந்தால் போவாயா என்று. யோசிக்கவே இல்லை. “வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தா நாளைக்கே போறேன்” என்றார். பி.எம். தக்‌ஷ் திட்டத்தில் வயது வரம்பு 45. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு தூய்மைப் பணியாளரின் மகள்