மேற்பிரிவைக் குத்தகைக்குக் கொடுக்கும் முன் எங்கள் பணத்துக்குக் கணக்குக் காட்டக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். எங்கள் தேயிலைத் தோட்டம் தாங்கள் அறியாத இடமல்ல. மண்சரிவு நேரம் கோயிலுக்கு மேலே உள்ள எங்கள் வரிசை வீடுகளின் லயத்தடிக்குத் தாங்களே வந்தீர்கள். இப்போது குத்தகைக்குப் போவதாகச் சொல்லப்படும் மேற்பிரிவு, அந்த லயத்துக்குப் பின்னால் உள்ள தேயிலை மலைகள்தான். வெளியாட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். யார், எதற்கு என்று கேட்டால் கணக்கப்பிள்ளைக்கும் தெரியவில்லை, தோட்டத்தை நடத்தும் துரையும் வாய் திறக்கவில்லை.

1. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்தபோது எங்கள் தோட்டம் அரசாங்கத்தின் கையிலேயே நின்றது. கம்பனித் தோட்டங்களுக்கு 53 வருடக் குத்தகை, 2045இல் முடியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லலாம். அரசாங்கத்தின் பிடி விடாமலிருக்கத் திறைசேரி செயலாளர் பெயரில் தங்கப் பங்கு, தொழிலாளருக்கு 10 சதவீதப் பங்கு என்று பேச்சளவிலாவது ஏதோ இருந்தது. மேற்பிரிவு எத்தனை வருடத்துக்குப் போகிறது? என்ன விலைக்கு? கேள்விப்பத்திரம் எந்தப் பத்திரிகையில் வந்தது?

2. எங்களை அதிகம் வருத்துவது நிலமல்ல, ஐயா, சேமலாபப் பணம். சம்பளத்தில் 8 சதவீதம் மாதம் தவறாமல் வெட்டப்படுகிறது; சம்பளத் துண்டில் அது அச்சாகி இருக்கிறது. நிர்வாகம் தன் பங்கு 12 சதவீதத்தையும் சேர்த்து மத்திய வங்கிக்கு அனுப்ப வேண்டும். வருடக்கணக்கில் அனுப்பவில்லை. சேவைக்காலப் பணமும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடு என்கிறது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில். நாளுக்கு 700 ரூபா காலத்தில் 30 வருடம் முடித்து நின்றவருக்கு 2,94,000 ரூபா வரவேண்டும். 2022இல் அரிசி விலை ஏறிய பிறகு அந்தக் காசின் பெறுமதி என்னவென்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாமதத்துக்கு மேலதிகக் கட்டணம் சட்டத்தில் உண்டென்றாலும், ஏறிய விலைக்கு அது ஈடாகாது, இழுத்தடித்தவருக்கே இலாபம்.

ஓய்வு பெற்றவர்கள் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். சிலர் பணத்தைக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் மரணச் சான்றிதழோடு போனால், வேலைநாள் பதியும் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சத்தியக் கடதாசி கொண்டு வா என்கிறார்கள். பெயரைப் பிழையாக எழுதியது யார்? நாங்களா பேனா பிடித்தோம்?

3. இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், ஐயா. அந்தப் பெயர்களைச் சரிபார்க்க இருப்பது பழைய செக்ரோல் புத்தகங்கள் மட்டுமே. அவை தோட்ட அலுவலகத்துப் பின்னறையில் ஈரம் குடித்துக்கொண்டு கிடக்கின்றன. மேற்பிரிவு கைமாறும் நாளில் அந்தப் புத்தகங்கள் யார் பொறுப்பு? புதியவர் "பழைய கடன் எங்களுக்குச் சேராது" என்பார். பழைய நிர்வாகம் "அந்தப் பிரிவே இப்போது எங்களிடம் இல்லை" என்னும். நடுவில் நாங்கள் யாரிடம் போய் நிற்பது? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா, இல்லையா? அந்த ஒரு வரியைக் காட்டச் சொன்னால் ஏன் இவ்வளவு பயம்? அரசாங்கச் சொத்து, அரசாங்கக் காகிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கொழும்புக்கு மட்டும் எழுதியதா? அதன் கீழும் விண்ணப்பித்தோம், பதில் இல்லை.

4. தனியாருக்குக் கொடுக்கவே கூடாது என்று நாங்கள் கொடி பிடிக்கவில்லை. நல்ல நிர்வாகம் வந்தால் காடாகிப் போன மலை துப்புரவாகும், எங்களுக்கும் வேலை கிடைத்துப் பேர் விழும். ஆனால் 2003இல் தனியாருக்கு விற்ற இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனையை, முறைப்படி நடக்கவில்லை என்று 2009இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவ்வளவு பெரிய விற்பனையே அப்படிப் போனது. வழக்குப் பேச வசதி உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். எங்களுக்குத் தாங்கள்தான்.

5. ஆகவே கேட்பது: குத்தகை ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி. குத்தகைப் பணத்தில் முதல் செலவு எங்கள் நிலுவை என்று எழுத்தில் ஓர் உறுதி. எல்லாவற்றுக்கும் முன்னால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல், தொழில் அலுவலக அதிகாரி முன்னிலையில் செக்ரோல் பார்த்துத் தயாரித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டப்பட வேண்டும். பட்டியல் ஒட்டும்வரை மேற்பிரிவில் ஒரு வேலிக்கட்டையும் நடவிடாதீர்கள். தயவுசெய்து, ஐயா. "பரிசீலிக்கிறோம்" என்று எழுதுவதானால் எழுதவே வேண்டாம். ஒரு நாள் வந்து அந்தப் பின்னறையைத் திறந்து பாருங்கள். பட்டியலை மட்டுமாவது போட வையுங்கள்.

இங்ஙனம்,
மேற்பிரிவு, கீழ்ப்பிரிவுத் தொழிலாளரும் ஓய்வு பெற்றோரும்

இணைப்பு: சம்பளத் துண்டுகளின் பிரதிகள், முன்னைய மனுக்களின் பிரதிகள், கையெழுத்தும் கைநாட்டும் இட்ட தாள்கள்