கோலார் தங்கவயலில் நம் லைன்: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான நம் லைனின் சங்கத்தில், சென்ற பொதுக்குழுவின்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த நான்கு பெரியவர்கள் இன்று நம்மோடு இல்லை. நால்வரும் நிலத்தடியில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் மூவர் கடைசி வரை மூச்சுக்குத் திணறியே போனார்கள். அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டுகிறேன்.

செயற்குழு மாதம் ஒரு முறை, ஞாயிறு மாலையில் கூடியது. வேறு நாளில் கூட வழியில்லை. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். கூட்டத்துக்கு வரவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல வேண்டாம் என்று மூத்த உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து பெரியவர்கள் எப்படித் திண்ணையில் சாய்ந்தார்களோ, அதே களைப்போடுதான் இவர்களும் வருகிறார்கள்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் அனுபவத்தை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பின் வேலைக்கு இறங்கியவர் யாரும் இல்லை. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்த ஊர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தத் தங்கம் எந்தக் கையால், எப்படிப்பட்ட சூட்டில் வெளியே வந்தது என்பதை நாம் பதிவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

முதல் பதிவை நூலக அறையில் செய்தோம். கைபேசியை மேசைமேல் நிறுத்தி, "சொல்லுங்கள் பெரியப்பா" என்றதும் அவர் பேசவில்லை. கைத்தடியை எடுத்துத் தரையைத் தட்டினார். நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டே போனவர், சிமெண்டு பெயர்ந்திருந்த மூலைக்கு வந்ததும் நின்று, "கேட்டாயா, இங்கே சத்தம் மாறுகிறது" என்றார். வெடி வைத்த இடத்துக்கு மறுபடி போனதும் முதல் வேலை அதுதானாம். இரும்புக் கம்பியால் மேல்பாறையைத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் பாறை பிடிப்போடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, கம்பியால் நெம்பி விழவைத்த பிறகே அடியில் நிற்கலாம். "கண்ணை நம்பாதே, காதை நம்பு என்று என் அப்பா சொல்லிக்கொடுத்தார்" என்றார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும் இடத்தில், உயிரைக் காப்பாற்றிய பாடம் அது.

அம்மாக்களின் பதிவுகளை நான் இவற்றுக்கு இணையாகவே மதிக்கிறேன். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்தால் மேலே லைன் வீடுகளில் அதிர்வு தெரியும், அடுக்கிய பாத்திரம் சரியும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்ட்டின் வாசலுக்கு ஓடியதைச் சொன்ன ஒரு தாயார், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளை வில்லையைக் காட்டினார். கணவருடைய சுரங்க வேலை எண் பொறித்த டோக்கன். தேய்ந்து தேய்ந்து கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிகின்றன. அதைப் படம் எடுத்துக்கொண்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். இத்தகைய பொருள்களைச் சங்கத்துக்கு ஒப்படையுங்கள் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது செயற்குழுவின் தீர்மானம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தினோம். 1965-ல் இதே தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்து பாறையை ஊடுருவி வரும் நியூட்ரினோக்கள் என்னும் மிக நுண்ணிய துகள்களை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். உலகில் அதை முதலில் கண்டவர்களில் அவர்களும் அடங்குவர். அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் துகள் தானே சிதையுமா என்று 1980-களில் நடந்த ஆய்வுக்காக இரும்புத் தகடுகளைக் கீழே இறக்கிய ஒருவர் நம் லைனிலேயே இருக்கிறார். அவரைப் பேச வைத்தோம். பிள்ளைகள் விட்ட பாடில்லை, இருட்டும்வரை கேள்வி கேட்டார்கள். நவம்பர் 4 அன்று, 1946-ல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த தொழிலாளிகளுக்கு மலரஞ்சலி செலுத்தினோம். நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள்: அயோத்திதாச பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழ் 1926 முதல் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய பிரதி இருந்தால், ஒரு நாள் கொடுத்தால் போதும், நகல் எடுத்துத் தருகிறோம்.

மருத்துவ முகாமில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தோம். பல ஆண்டுகளாகக் காசநோய் மருந்தே சாப்பிட்டுவந்த சிலருக்கு, பாறைத் தூளால் நுரையீரல் தழும்பேறிய சிலிக்கோசிஸ் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இதை முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் காசநோய் எளிதில் தொற்றிக்கொள்ளும் என்பதால் தொடர்ந்து பரிசோதனை வேண்டும். எக்ஸ்ரே படங்களைத் தயவுசெய்து சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். உதவித்தொகை கேட்டுப் போகும்போது அதுதான் சான்று.

சயனைடு மேட்டுத் தூசியைப் பற்றிச் சென்ற ஆண்டும் எழுதினேன், இந்த ஆண்டும் எழுதுகிறேன். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் அது. காற்றுக் காலத்தில் சோற்றுப் பானைவரை வருகிறது. மேட்டின் ஓரமாக நாம் நட்ட கன்றுகளில் பாதிக்குமேல் பட்டுப்போயின. அந்த மண்ணில் எதுவும் எளிதாக வேர் பிடிப்பதில்லை. வேம்பும் புங்கனும் நின்றிருக்கின்றன. வரும் மழைக்கு அவற்றையே நடுவோம்.

பழைய ஷாப்ட் ஒன்றின் வேலி சாய்ந்து ஓர் ஆடு உள்ளே விழுந்தது. ஆடாக இருந்ததால் செய்தியாகவில்லை. நாம் முள் வெட்டிப் போட்டிருக்கிறோம். இரும்பு வேலி கேட்டு மூன்று மனு கொடுத்தும் பதில் இல்லை, நான்காவதைக் கொடுக்கிறோம். இரும்புத் துண்டுக்கும் தங்கம் கலந்த மண்ணுக்கும் ஆசைப்பட்டு உள்ளே இறங்கும் இளைஞர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன்: காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் மூச்சுக்கான காற்றே இருக்காது. இறங்கிய இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவீர்கள்.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கு வந்தது 1905-ல்தான். அந்த மண்ணில் இரண்டு வரிசைகளுக்கு எட்டு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். வீட்டுப் பத்திரம் பற்றிய மனுக்கள் நிலுவையில் இருக்கின்றன. ரசீதுகளைக் கோப்பில் வைத்திருக்கிறேன், யாரும் வந்து பார்க்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்த பதிவு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, கடைசி வரிசை முனை வீட்டில். அந்தப் பெரியவருக்குத் துளைபோடும் இயந்திரச் சத்தத்தில் இடக்காது போய்விட்டது. வருபவர்கள் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து பேசவும்.

செயலாளர்